வரப்போரத்துச் சமாதி

பக்கத்துக் காட்டுக்காரரோடு தகராறான வரப்பில் சர்வேயரைக் கால்வைக்க விடாமல் முப்பது வருடம் மல்லுக்கு நின்ற செங்கோடன், "என்னைய அந்த வரப்போரத்துலயே பொதைங்க, அப்பறம் எவன் வர்றான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். மகன் நல்லுசாமி அப்படியே செய்தான்.

இன்று அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைத் தட்டி, புலப்படத்தைச் செல்போனில் இறக்கி, அதிலிருந்த அளவுப்படி எல்லைக்கல்லிலிருந்து டேப் பிடித்தான். நம்பாமல் மறுபடியும் பிடித்தான். சமாதிக்கு நான்கடி முன்பாகவே அவன் நிலம் முடிந்துபோனது. அப்பா முழுசாகப் பக்கத்துக் காட்டுக்கார ராக்கியண்ணன் நிலத்தில் கிடந்தார்.

நல்லுசாமிக்கு அப்பாவைப் புதைத்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குழி வெட்ட வந்தவர்கள் தயங்கி ராக்கியண்ணன் முகத்தைத்தான் பார்த்தார்கள். "அண்ணன் ஆசப்பட்ட எடத்துலயே படுக்கட்டும், உடு கண்ணு" என்று அவரே மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டினார்.