பேர் மட்டும் வேண்டாம்

"என் பேர மட்டும் சொல்லிப்போடாதீங்க மேடம்."

மூன்றாவது முறையாகச் சொன்னான்.

எஸ்தர் பேனாவை மூடி வைத்தாள். நம்பிக்கை மையத்தில் அவள் ஆலோசகராகி ஒன்பது வருடம். எச்ஐவி இருப்பவரோடு பழகியவருக்குத் தகவல் சொல்லும்போது யார் பெயரையும் சொல்வதில்லை. நம்பர் கொடுத்தது யார் என்றும் சொல்வதில்லை. உங்களோடு பழகிய ஒருவருக்கு இருக்கிறது, நீங்களும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் அவன் எழுதிக் கொடுத்திருந்தது ஒரே ஒரு நம்பர்.

அதுவும் பெண்டாட்டியின் நம்பர்.

"பதினாறு வருசமா உங்ககூடக் குடும்பம் நடத்தறாங்க. யாரோ ஒருத்தருக்கு இருக்குதுன்னு சொன்னா, யாருன்னு நெனப்பாங்க?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

போர்வெல் வண்டி ஓட்டுகிறவன். எட்டு மாதம் வடக்கே கிடந்துவிட்டு ஊர் திரும்பியவனுக்குப் பத்தாம் நாள் காய்ச்சல். எதற்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் இங்கே அனுப்பினார். ஆரம்பத்திலேயே அகப்பட்டுக்கொண்டது. மாத்திரை போட்டால் அறுபது வயது வரை வண்டி ஓட்டலாம் என்று எஸ்தர் சொன்னபோது, அவன் அழுதுகொண்டே எந்த வண்டி என்று கேட்டான்.

வடக்கே இருந்தவளின் பெயர் அவனுக்குத் தெரியாது.

வீட்டில் இருப்பவளின் பெயர் பூங்கொடி. அந்தப் பத்து நாளில் அவளுக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். அதைத்தான் உடனே பார்க்க வேண்டும்.

"அவ என் பேர வாயில சொன்னதே இல்லீங்க. சாமி பேருங்கறதால கோயில்ல கும்புடறப்பக்கூட மலைமேல இருக்கறவரேம்பா. ரேசன் கடையில பேரு கேட்டா கார்டத் தூக்கிக் காட்டுவா. அப்படிப்பட்டவ காதுல போயி..."

"அவங்களும் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்லக் கூடாது. உங்க பேருக்கு நல்ல பாதுகாப்புங்க."

அவன் சிரிக்கவில்லை.

எஸ்தர் மேசைப் போனில் நம்பரை அழுத்தினாள்.

கதவுக்கு வெளியே சேவல் கூவியது.

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். தறிச் சத்தத்தில் சாதாரண மணி அவளுக்குக் கேட்காது என்று, போன தடவை ஊருக்கு வந்தபோது அவள் போனில் அவனே வைத்துக் கொடுத்த சேவல்.

மறுபடியும் கூவியது. வராந்தாவில் யாரோ சிரித்தார்கள்.

"அலோ." போனிலும் கேட்டது, கதவுக்குப் பின்னாலும் கேட்டது. "யாருங்க? நான் ஆசுபத்திரியில இருக்கறனுங்க. டோக்கன் பதினாலு. இன்னும் கூப்புடலீங்க."

எஸ்தர் அவனைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியது அவன்.

அவன் போனை வாங்கினான்.

"உள்ள வா, பூங்கொடி."

வந்தாள். சேலையில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. எட்டாக மடித்த சீட்டு ஒன்றை மேசையில் வைத்தாள். பெயர் இல்லாமல், நம்பரும் தேதியும் மட்டும் போட்ட சீட்டு. இந்த மையத்தில் அப்படித்தான் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தவன், சட்டையைத் துவைப்பது யார் என்பதை மறந்துவிட்டான்.

"இந்தச் சீட்டக் காட்டித்தான் எடம் கேட்டு வந்தனுங்க. போர்டப் படிச்சேன். கதவோரம் இவரு செருப்பயும் பாத்தேன். அப்பறம் எனக்கும் ஒரு டோக்கன் வாங்கிட்டேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"வேண்டாம். கோவத்த வீட்டுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். அது எங்கயும் போயிராது." கையை எஸ்தர் பக்கம் நீட்டினாள். "மொதல்ல ரத்தத்த எடுங்க."

அரைமணி நேரம்.

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஒரு தடவை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஞ்சு என்றாள்.

எஸ்தர் தாளோடு வந்தாள்.

இல்லை. இன்றைக்கு இல்லை. புதிதாக வந்திருந்தால் இன்றைக்குத் தெரியாமலும் போகலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

பூங்கொடி விட்ட மூச்சில் மேசைத் தாள் அசைந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"இவரு தெனமும் மாத்திரை போடணும். விடாமப் போடறாரான்னு பாத்துக்க ஒருத்தர் வேணும். அவங்க பேரையும் எழுதணுங்க." எஸ்தர் கடைசிப் படிவத்தை எடுத்தாள்.

பூங்கொடி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எம்பேர எழுதுங்க."

எழுதினாள். அதற்கு மேலே இன்னொரு கோடு காலியாக இருந்தது. யாருக்காக என்று நிரப்ப வேண்டிய கோடு. அந்தப் பெயரை எஸ்தர் ஒரு வாரமாக அறிவாள். இருந்தாலும் கேட்டாள்.

"யாருக்குங்க?"

வழக்கம்போல அவனே சொல்ல வாயெடுத்தான்.

பூங்கொடி கையைக் காட்டி நிறுத்தினாள். காது வரை சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"செங்கோட்டுவேலு."

எஸ்தர் எழுதவில்லை.

"சரியாக் கேக்கலீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க."