பதினோரு நிமிஷம்

"பேராசிரியர் விலகணுமா, இருக்கணுமா? நீங்க சொல்லுங்க மேடம்."

குழுத் தலைவரின் கேள்வி தலைமைப் பொறியாளரிடம் வந்து நின்றது. மேஜையைச் சுற்றி நிர்வாகக் குழுவினர் ஐந்து பேர். நாலு பேர் சொல்லியாகிவிட்டது. ரெண்டுக்கு ரெண்டு. மிச்சம் அவள் ஒருத்திதான்.

பேராசிரியர் எதிரிலேயே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தியவர். நோயாளிக்கு மூச்சு குறைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடும் அலாரம் ஒன்றை உருவாக்கி, ஐம்பது வயதில் கம்பெனி ஆரம்பித்தார். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு நிக்கப்போறீங்க" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அப்படி ஆகவில்லை. முப்பது ஆஸ்பத்திரிகள் வாங்கின. அவரிடம் படித்த இவள்தான் முதல் ஊழியர்.

போன வாரம் ஒரு வார்டில் பதினோரு நிமிஷம் அலாரம் அடிக்கவில்லை. தற்செயலாக எட்டிப்பார்த்த நர்ஸால் நோயாளி பிழைத்தார்.

"தப்பு என்னோடது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் பேராசிரியர். சரியாகும்வரை அலாரத்தை நம்பவேண்டாம் என்று முப்பது ஆஸ்பத்திரிகளுக்கும் அவரே போன் செய்தார். ஆனால் அலாரம் புரோகிராமில் தப்பு நடந்த பகுதியை மட்டும் யாரும் திறந்து பார்க்க விடவில்லை. "நானே பார்த்துக்கறேன்" என்று ஒரே பிடிவாதம்.

மடியில் கனம் இருக்கிறது என்று ஆபீசே கிசுகிசுத்தது.

"சார்..." என்றாள் அவள். "ஒண்ணுக்கு ரெண்டு தடவை சோதிச்சுப் பாருன்னு வகுப்புல எங்களைப் படுத்தி எடுத்தவர் நீங்க. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல நீங்களே இப்படி அசால்ட்டா இருக்கலாமா?"

"இருந்திருக்கக் கூடாதும்மா."

அவ்வளவுதான். ஒரு சமாதானம்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"விலகட்டும்" என்றாள். சொன்ன வாய் கசந்தது.

பேராசிரியர் எழுந்தார். "இனிமே கம்பெனி உன் பொறுப்பு. பாஸ்வேர்டு உனக்கு அனுப்பியிருக்கேன். முதல்ல அந்த அலாரத்தைப் பாரு." யாரையும் குறை சொல்லாமல் வெளியே நடந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும், என்ன பண்றது?" என்றபடி குழுத் தலைவர் டீ சொன்னார்.

அவள் தன் இடத்துக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். எத்தனை ஆயிரம் வரியில் போய் எதைத் தேடுவது?

தேட வேண்டியிருக்கவில்லை. தப்பான வரிக்கு அவர் அடையாளம் போட்டிருந்தார். கீழே, எப்படித் திருத்துவது என்று வகுப்பில் விளக்குகிற மாதிரி பொறுமையாக எழுதியிருந்தார். அந்தத் திருத்தத்தை ஏற்கெனவே ஏழு தடவை சோதித்தும் பார்த்திருந்தார்.

அப்புறம் எதற்காக இதை ஒளித்து வைத்தார்?

ஒவ்வொரு வரியையும் யார், என்றைக்கு எழுதியது என்று பக்கத்திலேயே பதிவாகியிருக்கும். பார்த்தாள்.

தேதி, பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள். எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"யாரும் கிளம்பாதீங்க! மீட்டிங் முடியலை!" என்று கத்திக்கொண்டே அவள் அந்த அறைக்கு ஓடினாள்.