முதல் இரண்டு விநாடி

சாவியைத் திருகுவதற்கு முன் டிகிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

காலை ஆறு மணி. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார் பதினோரு மணி நேரமாகத் தூங்குகிறது. யாரும் தொடவில்லை. ‘தொட்டால் கையை ஒடிப்பேன்’ என்று அட்டையில் எழுதி வைப்பரில் செருகிவிட்டுத்தான் நேற்று போயிருந்தாள்.

அந்தக் காரின் கோளாறு அப்படி. குளிரில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், சரியாக இரண்டு விநாடி, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று கத்துமாம். காரின் சொந்தக்காரர் வாயாலேயே கத்திக் காட்டினார். அப்புறம் நாள் முழுக்க எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் பரம சாது. மறுபடி கேட்க மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும்.

மூன்று காலை வீண். அவள் எட்டரைக்கு வருவதற்குள், தரை கழுவ வசதியாக வாட்ச்மேன் எல்லா வண்டியையும் வெளியே எடுத்துவிடுவார். முதல் நாள் அவளுக்கு அது தெரியாது. இரண்டாம் நாள் சொல்லியும் மறந்துபோனார். மூன்றாம் நாள், “ஸ்டார்ட் மட்டும்தாம்மா பண்ணேன், ஓட்டலையே!” என்றார்.

“இன்ஜினுக்குள்ள ஓடுற செயின் போச்சு. பிரிச்சிடு,” என்றார் மேனேஜர்.

பிரித்தபின் செயின் நன்றாக இருந்தால்? பிரித்த கை யாருடையதோ பழியும் அதற்குத்தான். மேனேஜர் சொன்னார் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாவதா, வீட்டுக்குப் போவதா என்பது அவர் போடும் ஒரு கையெழுத்து.

அங்கே இன்ஜினியரிங் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் ‘டிகிரி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தரை கழுவிக் குப்பை அள்ளும் பெண்ணுக்கு ‘பினாயில்’. பெயர் வைப்பதில் இருந்த சுறுசுறுப்பு வேலையில் இருந்திருந்தால் மூன்று காலை வீணாகியிருக்காது.

நேற்று மதியம் குழாயடியில் பினாயில்தான் பேச்சைத் தொடங்கினாள். மாப்பைப் பிழிந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல். இங்கே டிகிரியின் முகத்தைப் பார்த்து அவள் பேசியதே இல்லை.

“மேடம், வெள்ளை வண்டி மட்டுமில்லீங்க. ஆயில் மாத்தி இங்கயே நின்ன வண்டியில மூணு, காலைல இதே மாதிரி கத்துச்சு. மூணுக்கும் நீல டப்பா ஃபில்டர். வெள்ளை டப்பா போட்டது ஒண்ணுகூடக் கத்தல.”

“எந்த வண்டிக்கு எந்த டப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்துல ஒரு குப்பைத்தொட்டி. அள்றது யாரு?”

டிகிரிக்குச் செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது.

ஃபில்டருக்குள் ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. இன்ஜின் நின்றபின் ஆயிலை வடியவிடாமல் பிடித்துவைப்பது அது. அது சொத்தையாக இருந்தால், விடிவதற்குள் ஆயில் வடிந்துவிடும். மறுபடி மேலே ஏறும்வரை செயின் வறண்டு அடித்துக்கொள்ளும். இரண்டு விநாடி. பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருத்தி, ஒரு துடைப்பத்தையும் இரண்டு காதையும் வைத்துக்கொண்டு அதைப் பிடித்துவிட்டாள். எது கத்துகிறது, எது கத்தவில்லை, இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம். லேப் என்று கட்டடம் கட்டி, வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, நான்கு வருடம் இதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்!

ஓடிப்போய்க் காரின் அடியில் படுத்துப் பார்த்தாள். மாட்டியிருந்த ஃபில்டரும் நீலம்.

மலிவென்று நீல டப்பாக்களைத் தேடிப்பிடித்து வாங்கி அடுக்கியவர் மேனேஜர். மாலையே வெள்ளை டப்பாவைப் பிரித்து மாட்டிவிட்டு அவரிடம் போனாள். “நாளைக்கு ஆறு மணிக்கு வந்து உங்க காதாலயே கேளுங்க சார்.”

வந்திருக்கிறார். ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு, தோற்கப்போகிறவளைப் பார்க்கும் ஆவலோடு.

பினாயில் தூணோரம் நின்றாள். மாப்புக் கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். வேலை போகப்போவது தனக்குத்தான் என்பதுபோல் முகம் வெளுத்திருந்தது.

டிகிரி சாவியைத் திருகினாள்.

ஒன்று.

இரண்டு.

கார் பால் குடித்த பூனைபோல் உறுமிக்கொண்டு நின்றது. வேறு சத்தமே இல்லை.

தூணோரத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

நீல டப்பாவைப் பற்றி மேனேஜர் வாய் திறக்கவில்லை. ஜாப் கார்டை நீட்டினார். “சரி சரி. ‘கோளாறைக் கண்டறிந்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு பாரு. உன் பேரைப் போடு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட அது போதும் எனக்கு.”

“கண்டுபிடிச்சது நான் இல்ல சார். இவங்க.”

“யாரு, பினாயிலா?” வயிறு குலுங்கச் சிரித்தார். “எழுது, எழுது. முதல்ல அவ பேரு தெரியுமா உனக்கு? நாலு வருஷமா இங்க இருக்கா, எனக்கே தெரியாது.”

“வேணாம் மேடம்.”

பினாயில் இங்கே முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

டிகிரி காரின் மூக்கில் கார்டை வைத்துப் பேனாவைத் திறந்தாள். முதலெழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எழுதினாள்.

யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், மேனேஜர் படித்துப் பார்க்காமலே வாங்கிவைத்த வேலை விண்ணப்பத்தில், ‘பெற்றோர்’ என்ற கட்டம் வந்த இடத்திலெல்லாம் அவள் எழுதிப் பழகிய பெயர் அது.