புகை ஏறிய மொச்சை

"பொகை எப்டிம்மா பானைக்குள்ள போவுது?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது, "சும்மா குந்துடி" என்று அதட்டியிருந்தாள் செந்தாமரை. அந்தக் குழந்தை காய்ச்சலில் போன அன்று, அடுப்பு மூட்டாத அவள் வாசலில் யாரோ சுடச்சுட மொச்சை வைத்துப் போனார்கள். பானையின் உடைந்த விளிம்பு, அது பக்கத்து வீட்டு மங்கம்மாளுடையது என்று சொன்னது. இன்று மங்கம்மாள் புருஷனை அடக்கம் செய்துவிட்டு, அடுப்பு மூட்டாமல் கிடக்கிறாள். திருப்பிக் கொடுக்காத அதே பானையில், செந்தாமரை வீட்டு அடுப்புத் தணலில், புளிவிட்ட மொச்சை குழைகிறது. அவள் மூடியை ஒருக்களிக்கிறாள். புளியங்கட்டைப் புகை மெல்ல உள்ளே நுழைகிறது. "இப்டித்தான் கண்ணு போவுது" என்கிறாள், பக்கத்தில் மகள் குந்தியிருந்த வெற்றிடத்தைப் பார்த்து. பொழுது சாய்கிறது. மங்கம்மாளின் வாசலில் பானையை இறக்குகிறாள். "யாரது?" என்கிறது உள்ளிருந்து கம்மிய குரல். செந்தாமரை வேலியோரமாகத் திரும்பி நடக்கிறாள்.