மூடி போட்டது யாரு?

“உனக்கு வெட்கமா இல்லையா? எவன் வந்தாலும் ஒரு கும்பிடு போடுறியே!”

எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பின்னே? காலையிலிருந்து அவர் மனைவி அடிக்கிற கூத்து அப்படி.

தையல் மிஷினில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவள், இன்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை வாசலுக்கே ஓடிப்போய் வரவேற்கிறாள்!

முதலில் வந்தவர் இப்போதைய கவுன்சிலர்.

“அய்யா, எங்க வாசல்ல சாக்கடைக் குழிக்கு மூடி போட்டுக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க. போன மாசம் என் பொண்ணு அதுல விழுந்துதான் காலை உடைச்சுக்கிட்டா.”

கவுன்சிலர் ஒரு கணம் முழித்தார். அப்புறம் வாயெல்லாம் பல்.

“உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? ராத்திரி பகல் பாக்காம நின்னு போட வெச்சது நான்தானே!”

அரை மணி கழித்து, அவரை எதிர்த்து நிற்கிற கான்ட்ராக்டர் வந்தார். அவருக்கும் அதே கும்பிடு, அதே நன்றி.

“பதவி இல்லாமலே இவ்வளவு செய்றேன். பதவியைக் குடுத்துப் பாருங்க தங்கச்சி!” என்று மூடியைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒரு மூடிக்கு எத்தனை பேருக்குடி நன்றி சொல்லுவே?”

“எத்தனை பேர் நிக்கிறாங்களோ, அத்தனை பேருக்கும்.”

உள்ளே மாவுக்கட்டோடு படுத்திருந்த மகள் களுக்கென்று சிரித்தாள். அவருக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது.

கடைசியாக வந்தவர் மருந்துக்கடைக்காரம்மா. கூட்டம் இல்லை, மைக் இல்லை, கூட ரெண்டே பேர்.

“அக்கா, மூடி போட்டதுக்கு ரொம்ப நன்றி.”

“நான் போடலையேம்மா! முனிசிபாலிட்டி ஆபீஸுக்கு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன், பதிலே வரலை. யாரு போட்டாங்க?”

கேட்டுக்கொண்டே குந்தி உட்கார்ந்து மூடியை ஆட்டிப் பார்த்தார்.

“கனமாத்தான் போட்டிருக்காங்க. ஆனா ஓரம் கூரா இருக்கு, கால்ல பட்டா கிழிச்சிடும். தேய்க்கச் சொல்லுங்க. இந்தத் தெருவுல இன்னும் ஆறு குழி தொறந்து கெடக்கு. நான் ஜெயிச்சாலும் ஆறையும் ஒரே நாள்ல மூடிடுவேன்னு சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற ரெண்டைத்தான் முதல்ல பாக்கணும்.”

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் எலக்ட்ரீஷியன் உதட்டைப் பிதுக்கினார்.

“சரியான பொழைக்கத் தெரியாத அம்மா! தானா வந்த நல்ல பேரை வேணாங்குறாங்க.”

“என் ஓட்டு இவங்களுக்குத்தான்.”

“ஏண்டி, அப்ப மூடி போட்டவங்களுக்கு?”

“மூடி போட்டது என் தம்பி. செவ்வாக்கிழமை நீங்க வேலைக்குப் போனப்புறம் அவன் வெல்டிங் பட்டறையில செஞ்சு எடுத்துட்டு வந்து மாட்டினான். மூச்சு விடாதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன்.”

எலக்ட்ரீஷியன் வாயைப் பிளந்தார்.

“நோட்டீஸைப் பாத்தா எல்லாரும் நல்லவங்கதாங்க. செய்யாத வேலைக்கு நன்றி சொன்னா யாரு கூசாம வாங்கிக்கிறாங்கன்னு பாக்கணும்னு இருந்தேன். நம்ம புள்ள பட்ட வலி போதும். தொறந்து கெடக்குற மத்த குழியில இன்னொரு புள்ள விழக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு இந்தத் தடவை நான் ஓட்டுப் போடப் போறதில்ல.”

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“அடி சக்கை! தூண்டில்ல மீன் மாட்டின கதையா, ரெண்டு புளுகனும் வசமா மாட்டினானுங்களா!”

“ரெண்டு இல்லீங்க, மூணு.”

“மூணாவது யாரு?”

அவள் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

“நேத்து எதிர்வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனா. நீங்க ஆபீஸுக்கே போய் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டதாலதான் மூடி வந்துச்சாம். சலூன்ல அவ புருஷன்கிட்ட சொன்னீங்களாமே!”