ஷூ பார்த்த பக்கம்

போட்டியில் அறுநூறு கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்துக்குள் தனியாகச் சைக்கிள் மிதித்து முடிக்க வேண்டும். வழியில் தூங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷூவைக் கழற்றி, போக வேண்டிய பக்கம் முனை பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள். எழுந்த கிறுகிறுப்பில் வந்த வழியே திரும்பிப் போய்விடக் கூடாதல்லவா. கிளமென்டும் அப்படித்தான் வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் பத்து நிமிடம் படுத்தான். விழித்தபோது இடது ஷூ ஒரு பக்கமும் வலது ஷூ எதிர்ப்பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. சாலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நேராகப் போனது. போனில் சார்ஜ் இல்லை. மேகத்தில் சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. மைல்கல்லுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். ஊர்ப்பெயர் இன்னும் எழுதவில்லை. சைக்கிள் மீட்டர் நானூற்றுப் பன்னிரண்டு என்றது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எதிரே ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என் ஷூவைத் தொட்டீங்களா?”

“ஒண்ண நாய் இழுத்துட்டுப் போச்சு. நாந்தான் பிடுங்கிட்டு வந்து வச்சேன்.”

“எந்த ஷூ?”

“அத யாரு பாத்தா?”

“நான் எந்தப் பக்கமிருந்து வந்தேன்னாவது பாத்தீங்களா?”

அவள் கழியை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “காலையிலயும் இங்க படுத்து எந்திரிச்சு இதேதான கேட்டீங்க தம்பி.”

“அப்ப எந்தப் பக்கம் போனேன்?”

“ஷூ பாத்த பக்கந்தான்.”

கிளமென்ட் குனிந்து இடது ஷூவை மாட்டிக்கொண்டான். வலது மட்டும் இன்னும் ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது; அதை எடுக்கக் கை போகவில்லை.