முதல் சுற்று

“இண்ணைக்கு ராட்டினம் சுத்தக்கூடாது.”

அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று ராட்டின முதலாளி திரவியம் எச்சரித்திருந்தும் பிந்து சொல்லிவிட்டாள்.

“காலத்தயே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சாச்சு. ஒண்ணும் ஆவாது.”

“தொட்டிக் கதவு கொண்டி ஒடிஞ்சு, கம்பி வெச்சுக் கட்டியிருக்கு. பிள்ளைங்க விழுந்தா தேங்கா வந்து பிடிக்குமா?”

“டிகிரி படிச்ச திமிரு. பேசாம போய் ஏறு. பொருட்காட்சிக் கூட்டம் வெளிய காத்து நிக்குது.”

“ஏற மாட்டேன்.”

“டிக்கெட் எடுத்தவ மாதிரி முதல் சுத்து நீ சிரிச்சிட்டு வந்தாத்தானே ஜனங்களுக்குத் தைரியம் வரும்? தெனமும் செய்யதுதானே? நீ எனக்க மவளுண்ணு அவங்களுக்குத் தெரியவா போவுது?”

“நான் சொல்லப் போறேன், அப்பா.”

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களை நோக்கிப் பிந்து நடந்தாள்.